சர்க்கார் கடிதம் சொந்தப் பெட்டியிலா?



நம்ம சாந்தோம் நெடுஞ்சாலையில் பதிவுத்துறைத் தலைமை அலுவலகத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்பா வாங்கிய அரை கிரவுண்டு, பதிவாபீஸ் புத்தகத்தில் ஏறினால்தான் நமக்குத் தூக்கம் வரும். "புத்தகம் எதுக்கு? என் வீட்டு பீரோவில வச்சிருக்கேன்" என்று ஓர் அதிகாரி சொன்னால் விடுவோமா?

ஈமெயில் விஷயத்தில் அதுதான் நடந்தது! மத்திய அரசு அதிகாரிகள் பலர் ஜிமெயிலிலும் யாஹூவிலும் ஆபீஸ் கடிதம் அனுப்பினார்கள். அரசு ஆவணம் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது 1993-ம் ஆண்டுச் சட்டம். இதைச் சுட்டி கோவிந்தாச்சார்யா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். 2015 பிப்ரவரியில்தான் அலுவல் கடிதங்களுக்கு என்.ஐ.சி. மெயில் என்று கொள்கை வந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவில், ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த மெயிலில் வேலை பார்த்தது வெளியானது.

"சர்க்கார் மெயில் ஸ்லோ சார்" என்பார்கள். ஸ்லோவாக இருந்தால் சரிசெய்யட்டும்! சொந்தக் கணக்கென்றால், அதிகாரி மாற்றலாகும்போது கடிதமும் கூடவே போய்விடும். அப்புறம் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு என்ன பயன்? "ஆவணம் இல்லை" என்று பதில் வரும்.

நாளைக்கு நம்மில் சிலர் பொதுப்பணித்துறைக்குப் போவோம். எம்-புக்கில் பக்கம் கிழிக்கக் கூடாது; தப்பு வந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடணும். மெயிலோ வாட்ஸ்அப்போ, அதுவும் எம்-புக்தான். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க!

– மூன்றாம் ஆண்டு, சிவில்