பாதிப் பந்தியில் ஒரு இலை

பந்தியில் எல்லோரும் ரசத்துக்கு வந்துவிட்ட சமயத்தில் நடுவே போய் உட்கார்ந்ததுண்டா நீங்கள்? சாப்பாட்டில் குறை இராது. ஆனால் பக்கத்து இலைக்காரர்கள் அதற்குள் உறவாகி, ஊர்க்கதை பேசி முடித்திருப்பார்கள். நாம் மட்டும் இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

பாலிடெக்னிக் முடித்துவிட்டு, இஞ்சினீயரிங்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேருகிற பிள்ளைகளின் நிலையும் இதுதான். இலாசுப்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்ற ஒரு பிள்ளை, ‘சென்டாக்’ மூலம் பிள்ளைச்சாவடியிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (2020 வரை அது புதுவைப் பொறியியற் கல்லூரி) சேருவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் பாயசம் மணக்கிறது. “ஒரு வருஷம் மிச்சம்!” என்று பூரிக்கிறார் அப்பா.

மிச்சமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமா 3 ஆண்டு, பி.டெக். 3 ஆண்டு, ஆக 6. பிளஸ் டூ வழியில் போனால் 2-ம் 4-ம் கூட்டி, அதுவும் 6 தான். வருஷம் மிச்சமில்லை, பிள்ளை யாருக்கும் பின்தங்கியதுமில்லை. தவறிப்போனது ஒன்றே ஒன்று: அந்த முதலாம் ஆண்டு.

சாமானியமான வருஷமா அது? எல்லோருமே புதியவர்கள். எல்லோருக்குமே பயம். அந்தப் பயத்தில்தான் சிநேகம் பிறக்கிறது. அறைத் தோழன், ஆய்வுக்கூடக் கூட்டாளி, பட்டப்பெயர் எல்லாம் அப்போதே நிச்சயமாகிவிடும். அடுத்த ஆண்டு வருகிறவன் வெறும் ‘லேட்டரல்’. அவனும் தன்னைப் போன்ற நாலு பேரோடு கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிடுகிறான். கணக்குப் பாடம் மிரட்டினாலும், யாரைக் கேட்பது என்று கூச்சம்.

தம்பி, தங்கைகளே! கூச்சத்தை விடுங்கள். லேத்தும் வெல்டிங்கும் உங்கள் கைக்குப் பழக்கம். அவர்களுக்கோ இன்டக்ரேஷன் தண்ணீர் பட்ட பாடு. மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபந்தானே? முதல் வாரமே வேறு பெஞ்சில் போய் உட்காருங்கள். விளையாட்டோ, நாட்டு நலப் பணியோ, ஏதாவதொன்றில் பெயர் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாலையில் பிள்ளை வந்ததும், “மார்க் எவ்வளவு?” என்று கேட்குமுன், “இன்று யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதட்ட வேண்டாம். பக்கத்தில் சற்று உட்காருங்கள், போதும்.