மருந்து உண்டு; குளத்தைச் சொல்ல வேண்டும்

திருவனந்தபுரம்: மூளையைத் தின்னும் அமீபா என்று ஊரெங்கும் பேச்சு. பீதி வேண்டாம், விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

நெக்ளேரியா ஃபௌலேரி என்னும் இந்த நுண்ணுயிர் வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அந்த நீரைக் குடிப்பதால் நோய் வராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றாது. முங்கிக் குளிக்கும்போது மூக்கில் ஏறும் நீரோடு புகுந்து, மோப்ப நரம்பு வழியே மூளைக்குப் போய்விடுகிறது.

உலகில் 100 நோயாளிகளில் சுமார் 97 பேரைப் பலிகொண்ட நோய் இது. ஆயினும் 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். அவனுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று மில்டெஃபோசின். புற்றுநோய்க்கென்று ஆராயப்பட்டு, பின்னர் காலா அசார் காய்ச்சலுக்குப் பயன்பட்ட மாத்திரை அது. அந்த மாதமே கேரள அரசு இந்நோய்க்கான சிகிச்சை நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்பின் நெய்யாற்றின்கரைப் பகுதியில் நோய் கண்ட பலரும் இங்குள்ள மெடிக்கல் காலேஜில் குணமடைந்தனர்.

மருந்து மட்டும் காரணமல்ல. பையன் குளத்தில் குளித்ததைத் தகப்பனார் டாக்டரிடம் சொன்னார். சந்தேகம் உடனே பிறந்தது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்பவை வேறு மூளைக் காய்ச்சலுக்கும் உள்ளவைதாம். சில நாட்களில் உயிர் போகும் நோயில் தாமதம் கூடாது.

வேலைத்தலத்தில் தண்ணீரின்றிக் குளத்துக்குப் போகும் நம் தொழிலாளர்கள், மூக்கில் நீர் ஏறாமல் குளிக்கட்டும். காய்ச்சல் கண்டால் மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். குளம் என்ற சொல் இரு மொழிக்கும் பொது.