வாக்கை நம்பி வந்த நெல்

1780-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை கர்நாடிக் சமவெளியில் இறங்கியது. அடுத்த ஆண்டே போர் காவிரிப் படுகைக்குள்ளும் வந்துவிட்டது. ஊர்கள் எரிந்தன, ஆற்றுக் கரைகள் உடைபட்டன, உழவு மாடுகளைப் படைகள் ஓட்டிக்கொண்டு போயின. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் காவல் படையினரும், அடைக்கலம் தேடி வந்த குடிகளும் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் கோட்டைக்கு வெளியே நெல் அடியோடு அற்றுப்போய்விடவில்லை. அதை ஏற்றிவர மாடுகள் வேண்டும். மிச்சமிருந்த மாடுகளை வைத்திருந்தவர்களோ கோட்டைப் பக்கம் வரவே மறுத்தார்கள்.

அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. சர்க்கார் ஆட்கள் மாட்டையும் நெல்லையும் பிடித்துக்கொண்டு காசு கொடுக்காமல் விரட்டியதை அவர்கள் பலமுறை பார்த்தவர்கள். தஞ்சை மன்னர் துளஜா பணம் தருவதாகச் சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேச்சுக்கும் அதே கதிதான். தனக்கும் கம்பெனிக்கும் ஜனங்களிடம் மதிப்பே போய்விட்டது, பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று மன்னரே சொல்லும் நிலை வந்தது.

அந்தப் பாதிரியார் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். சுவார்ட்ஸ் ஐயர் என்றால் தஞ்சையிலும் திருச்சியிலும் அன்று எல்லோருக்கும் தெரியும். பிரஷ்ய நாட்டில் 1726-ல் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர். பிறகு ஊர் திரும்பவே இல்லை. நல்ல தமிழும் மராத்தியும் பேசினார். திருச்சியில் ஒரு கட்டிலுக்கும் தனக்கும் மட்டுமே இடமிருந்த அறையில், சோறும் காய்கறியும் உண்டு, ஆண்டுக்கு 48 பவுனில் குடித்தனம் நடத்தினார் என்று அவரைப் பார்த்துப் பழகிய ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளாக யாருக்கும் பாக்கி வைக்காத மனிதர் என்பதுதான் கிராமத்துக்காரர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்த முக்கியமான செய்தி.

அவர் தன் பெயரில் ஆள் அனுப்பினார். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தானே கூலி கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போயிற்று. வந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் போய்ச் சேர்ந்தது என்பதையும் அவருடைய கடிதம் சொல்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. எண்பதாயிரம் கலம் கண்ணுக்குத் தெரியும் சாதனை. மாட்டுக்காரர் கையில் எண்ணி வைத்த காசுதான் அடுத்த முறையும் அவரை வரவைக்கும் சங்கதி.

பஞ்சம் என்றதும் மழையையும் விளைச்சலையும் பற்றிப் பேசுகிறோம். தஞ்சையில் அன்று நெல்லுக்கு முன்பே நம்பிக்கை தீர்ந்துபோயிருந்தது. அதை உண்டாக்க மன்னராலும் முடியவில்லை, படையாலும் முடியவில்லை. பல ஆண்டுகளாக ஒருவர் தனியாளாகச் சேர்த்துவைத்திருந்தால் மட்டுமே ஆபத்துக் காலத்தில் எடுத்துக் கொடுக்க முடியும். சுவார்ட்ஸ் ஐயர் சேர்த்துவைத்திருந்தார். நெல்லையும்கூட விலை மலிவாக இருந்த காலத்திலேயே வாங்கி இருப்பு வைத்திருந்தார். பின்னால் பணம் கொடுத்தாலும் நெல் கிடைக்காத மாதங்களில் அந்த இருப்பு ஏழைகளுக்குக் கஞ்சியாயிற்று. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நாள்தோறும் பிரசங்கம் செய்தவர் களஞ்சியத்தையும் நிரப்பிவைத்தார். இந்த இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் நல்ல சமாரியன் கதையைக் கோயில்களில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியதையும் காயம் கட்டியதையும் பற்றியே பெரும்பாலும் பேசுவார்கள். கதை அதோடு நிற்பதில்லை. சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசைக் கொடுத்து, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். சத்திரக்காரன் அதை நம்புகிறான். அந்தக் கடனை ஒப்புக்கொண்டதும் இரக்கத்தின் பகுதிதான். துன்ப காலத்தில் கிறிஸ்தவரின் பொறுப்பு எது என்று யோசிக்கிறபோது நான் சமாரியனின் இந்தக் கடைசிப் பேச்சுக்கே திரும்பிப் போகிறேன். கண்ணீர் அந்த நேரத்துக்கு வந்துவிடும். செலவுக் கணக்கை முடித்துக் கொடுக்க மறுபடி அந்த வழியே வரவேண்டும்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1779-ல், போருக்கு முந்தைய ஆண்டு, சென்னை கவர்னர் சுவார்ட்ஸ் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதரிடம் தூது அனுப்பினார். கம்பெனி ஆட்களை நம்பாத ஹைதர் இவரை மரியாதையோடு நடத்தினார். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் பார்த்தார், அவர்கள் வாங்கவில்லை, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக வைத்தார். போர் மூண்ட பிறகும் இந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவிட்டார் என்பது பலர் அறிந்தது. ஆனால் ஐயரை அனுப்பிய கம்பெனியோ, அவர் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஹைதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய, பிரெஞ்சுக்காரரின் மாஹே துறைமுகத்தைப் பிடித்திருந்தது. ஐயர் சமாதானம் பேசினார். அவரை அனுப்பியவர்களின் நடத்தை அந்தப் பேச்சுக்குத் துணை நிற்கவில்லை. மறு ஆண்டு போர் வந்தது.

போர் ஓய்ந்த பிறகும் ஜனங்கள் நம்பியது ஐயரின் வாக்கைத்தான். வரி வசூலித்தவர்களின் கொடுமை தாங்காமல் தஞ்சைக் குடிகள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டு ஓடியிருந்தார்கள். நீதி கிடைக்கும், திரும்பி வாருங்கள் என்று மன்னர் அழைத்தும் பயனில்லை. ஐயர் மன்னர் சார்பில் தன் வாக்கைக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். சாகுபடிக்காலம் ஏறக்குறைய கடந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட்டபோது, இரவும் பகலும் பாடுபடுகிறோம் என்று சொல்லி வயலில் இறங்கினார்கள். அந்த ஆண்டு தஞ்சை விளைந்தது அந்த உழைப்பால்தான்.

அவர் 1798 பிப்ரவரியில் காலமானார். அவர் பாதுகாத்து வளர்த்த இளவரசர் சரபோஜி அதே ஆண்டு அரியணை ஏறினார். 1799-ல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. நல்லவர் ஒருவரின் பெயரை அதிகாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்தியது. அவர் போனதும் தன் வழியே நடந்தது. கோட்டைக்குள் நெல் கொண்டுவந்ததற்காக அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. பட்டினி கிடந்தவர்கள் கம்பெனியின் கொள்கையைத் தீர்மானித்தவர்கள் அல்லர். ஆனாலும் தன் வாக்கு யாருக்காகச் செலவாகிறது என்று கேட்பதும் பொறுப்பின் ஒரு பகுதி. அந்தக் கேள்வியை அவர் போதுமான அளவு கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதைவிடக் கடினமான குறை வேறொன்று. அவருடைய தஞ்சைச் சபையில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கம் இருந்தது. அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் அதை நிறுத்தச் சொன்னபோது சபையே பிளவுபட்டது. ஐயர் கையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், எத்தனை இனிமையான தமிழ்ப் பாட்டுகளைச் சபைக்குத் தந்தவர், சாதி வழக்கத்தைக் காக்கிற பக்கத்தில்தான் நின்றார்.

இந்தச் சாதிப் பிரிவினை பழங்கதையாக முடிந்திருந்தால் எழுத வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் சுனாமி நாகப்பட்டினக் கரையைத் தாக்கியபோது, சுவார்ட்ஸ் ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியும் அடிபட்டது. அரிசியும் துணியும் உலகெங்குமிருந்து வந்து குவிந்தன. பொருளுக்குக் குறைவில்லாத அந்த நாட்களிலும் நிவாரணப் பட்டியலில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்ற சண்டை நடந்தது. பல இடங்களில் தலித் மக்கள் தனியே ஒதுக்கப்பட்டார்கள். அங்கே உதவிக்குப் போன சபைகளும் சங்கங்களும் மூட்டையை இறக்கியதோடு வேலை முடிந்தது என்று வந்துவிட முடியாது. எந்தத் தெருவுக்கு எத்தனை மூட்டை போனது, விடுபட்டவர் யார் என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டியிருந்தது. வருகிற வெள்ளத்திலும் புயலிலும் அந்தக் கணக்கை எழுத முன்வருபவரைத்தான் முதலில் தேடவேண்டும். தன் சாதித் தெருவிலிருந்து அதை ஆரம்பிக்காதவராக அவர் இருக்கவேண்டும்.