மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான்

"வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எதுக்குப்பா மாத்திரை? கிட்னி என்னாகும்?" என்று சித்தி கேட்டபோது நானும் தலையாட்டினேன். படித்தவன் என்று என்னைத்தான் கேட்டார்கள். பல வருஷமாக பீனோபார்பிடோன் சாப்பிட்டு வந்த தம்பி அன்றோடு நிறுத்தினான். பத்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்தான். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம் (இது எப்போதுதான் ஒழியுமோ!). தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

நம் மூளையில் நரம்புகளைத் தூண்டிவிடும் ரசாயனம் குளுட்டமேட். அடக்கி வைப்பது காபா. தூண்டுதல் ஓங்கி, அடக்குவது தளர்ந்தால் வலிப்பு. பீனோபார்பிடோன் காபாவின் கையைப் பலப்படுத்துகிறது. அதைத் திடீரென்று எடுத்துவிட்டால், மருந்துக்குப் பழகிய மூளை நிலைதடுமாறுகிறது. அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

என்னை உலுக்கியது வேறொரு விஷயம். 1960களில் கனடாவில் கிரஹாம் காடார்ட் என்பவர் எலிகளின் மூளையில் தினமும் மிகக் குறைந்த அளவு மின்சாரம் செலுத்தினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நாளாக ஆக, அதே அளவு மின்சாரத்துக்கே வலிப்பு வந்தது. பிறகு வாரக்கணக்கில் சும்மா விட்டு, மறுபடி அதே மின்சாரம் கொடுத்தபோதும் வந்தது. அடுப்பில் சுள்ளி பற்றுவதைப் போல என்பதால் இதற்கு ஆங்கிலத்தில் 'கிண்ட்லிங்' என்றே பெயர். எலிக்கு நடப்பது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலிப்பு வராமல் இருப்பது வேறு, வலிப்பு வரும் தன்மை போய்விடுவது வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாத்திரை வலிப்பைத் தடுக்கிறது. அந்தத் தன்மையை வேரோடு எடுப்பதில்லை.

டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. "விடாம சாப்பிடு" என்பார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். குறைந்தது இரண்டு வருஷமாவது வலிப்பே வராமல் இருந்தால், சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சித்தியோ நானோ அல்ல. கிட்னி பயம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நான்தான் போன் செய்கிறேன். "போட்டாச்சுண்ணே" என்கிறான்.