சின்னம் சொல்லும் சாட்சி

கணனியில் உள்ள கோப்புகளை வரிசையாக எடுத்துக் காட்டும் மென்பொருளைக் கோப்பு முகாமையாளர் என்கிறோம். அதிலே ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஒரு சிறு படம் நிற்கும். நம் பிள்ளைகள் ‘ஐக்கன்’ என்று சொல்லும் அந்தச் சின்னத்தைப் பார்த்தே இது கடிதம், இது புகைப்படம், இது ஒலிப்பதிவு என்று பிரித்தறிகிறோம். பெயரை வாசித்து முடிப்பதற்குள் கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. உள்ளே இருப்பதைப் பற்றி வெளியே நின்று சொல்லப்படும் சாட்சி அது. அந்தச் சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கணனி உள்ள ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

1981இல் ஸெரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்’ கணனியிலேயே, மூலை மடிந்த ஒரு தாள் கோப்பின் சின்னமாக வந்துவிட்டது. 1984இல் வந்த மெக்கின்டோஷ் கணனிக்குச் சூசன் கேர் என்ற பெண்மணி சின்னங்களை வரைந்தார். அவருக்குக் கிடைத்த இடம் 32க்கு 32, அதாவது 1024 புள்ளிகள். நிறமோ கறுப்பும் வெள்ளையும் மாத்திரம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பியே அவர் வரைந்து பார்த்தார்.

இன்று திரைகளில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அந்தக் கட்டுப்பாடு கற்றுத் தந்த பாடம் மாறவில்லை. பெரிய படத்தைச் சுருக்கினால் அது வெறும் கறையாகிவிடும். ஆகவே 16 புள்ளி அளவுக்கு எனத் தனியாக வரைய வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உள்ளனர். உருவமே பேச வேண்டும்.

அரபு எழுத்துகளில் பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றுதான். புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. நல்ல சின்னங்களும் இவ்வாறே அமைகின்றன. மடிந்த மூலைத் தாள் பொதுவான உடல். அதனுள்ளே மலையும் சூரியனும் இருந்தால் படம், இசைக்குறி இருந்தால் ஒலி, கட்டங்கள் இருந்தால் கணக்கு அட்டவணை. பிள்ளை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும்.

ஆனால், எல்லா வேறுபாடுகளும் ஒரே தரத்தவை அல்ல. கடிதத்தைப் படம் என்று எண்ணித் திறந்தால் நட்டம் எதுவுமில்லை. வாசிக்கும் கோப்பு என்று எண்ணி இயங்கும் நிரலைத் திறந்தால் வீடே கொள்ளை போகலாம். சின்னம் வரைபவர் முதலில் காட்ட வேண்டிய வேறுபாடு இதுவே.

2000ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து பரவத் தொடங்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதற்குச் சான்று. காதல் கடிதம் என்ற பெயரோடு மின்னஞ்சலில் அது வந்தது. பெயரின் நடுவில் எழுத்துக் கோப்புக்குரிய ‘டிஎக்ஸ்டி’ இருந்தது. உண்மையான முடிவோ நிரலுக்குரிய ‘விபிஎஸ்’. அறிந்த பின்னொட்டுகளை விண்டோஸ் மறைத்துவிடுவதால் அந்த முடிவு பலருக்குத் தெரியவில்லை. அவ்வகை நிரலுக்கு வரையப்பட்டிருந்த சின்னமோ சுருண்ட காகிதம் போன்றது. கடிதம் என்று நினைத்தவரின் நினைப்பை அது உறுதிப்படுத்தியது. திறந்தவர்களின் படக் கோப்புகள் மீது அந்த வைரஸ் தன்னையே எழுதி அவற்றை அழித்தது.

சின்னத்தை யார் தருகிறார் என்பதையும் அறிய வேண்டும். விண்டோஸ் பொதுவாகப் பெயரின் பின்னொட்டைப் பார்த்தே சின்னம் வழங்குகிறது. கோப்பின் உள்ளே பார்ப்பதில்லை. லினக்ஸில் உள்ள பல முகாமையாளர்கள் கோப்பின் தொடக்க எழுத்துகளையும் பார்க்கக்கூடியவை. ஒரு பிடிஎப் கோப்பு நூற்றுவீதக் குறியோடும் தன் பெயரின் மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். விண்டோஸின் ‘எக்ஸ்இ’ நிரலோ தன் சின்னத்தைத் தானே சுமந்து வருகிறது. பிரதிவாதியே தன் சாட்சியையும் அழைத்து வருவது போன்றது இது. கோப்புறையின் உருவத்தை அணிந்துகொண்டு பென்டிரைவ் வழியே பரவிய வைரஸ்கள் இவ்விதமே ஏமாற்றின.

இன்னுமொரு தந்திரமும் உண்டு. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு, ஹீப்ரு போன்ற மொழிகளுக்கென யுனிகோட் முறையில் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகள் உள்ளன. அவற்றில் ஒன்றைப் பெயரின் நடுவே செருகினால் பின்வரும் எழுத்துகள் திரும்பிவிடும். ‘எக்ஸ்இ’ என்று முடியும் நிரல், ‘பிடிஎப்’ என்று முடிவது போலத் தோன்றும்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை சில. விண்டோஸில் பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவை இன்றே இயக்கி வையுங்கள். கோப்புகளை விபரமாகக் காட்டும் அமைப்பில் ‘வகை’ என்றொரு நிரை வரும். பிடிஎப் போலத் தெரிவதற்கு நேரே அங்கே ‘பயன்பாடு’ என்றிருந்தால் திறக்க வேண்டாம். தெரிந்தவர் பெயரில் வந்த கோப்பாயினும், எதிர்பாராமல் வந்தால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்; ‘ஐ லவ் யூ’ வைரஸும் தெரிந்தவர்களின் முகவரியிலிருந்தே வந்தது. குடும்பப் படங்களின் பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.