வைஃபை பாஸ்வேர்டாக உங்கள் செல்போன் எண்ணா? உடனே மாற்றுங்கள்!

மாமல்லபுரத்தில் அறை எடுப்பவர்கள் சாவியை வாங்கிய கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, ''வைஃபை பாஸ்வேர்டு என்ன சார்?'' என்பதுதான். கோவளம் முதல் செங்கல்பட்டு வரை லாட்ஜ், ஹோம்ஸ்டே, கடை, வீடு என்று பல இடங்களில் அதற்குக் கிடைக்கும் பதில், உரிமையாளரின் 10 இலக்க செல்போன் எண். மறக்காமல் இருக்கட்டும் என்று அதையே பாஸ்வேர்டாகப் போட்டுவிடுகிறார்கள். கடை, லாட்ஜ் என்றால் அந்த எண் வாசல் பலகையிலேயே பெரிதாக எழுதியிருக்கும்!

பலகை இல்லாவிட்டாலும் ஆபத்துதான். போனும் ரவுட்டரும் இணையும்போது பரிமாறிக்கொள்ளும் தகவலை, அருகில் இருப்பவர் லேப்டாப்பில் பதிவு செய்ய முடியும். பிறகு ஆற அமர உட்கார்ந்து, எந்த பாஸ்வேர்டு பொருந்துகிறது என்று சோதிக்கலாம். இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். எனவே, மொத்த வாய்ப்பே 400 கோடிதான். கேம் விளையாடப் பயன்படும் நல்ல கிராபிக்ஸ் கார்டு, விநாடிக்கு 10 லட்சத்துக்கு மேல் சோதித்துவிடும். ஒரு மணி நேரம் சொச்சத்தில் கதை முடிந்தது.

'நெட்தானே, போனால் போகட்டும்' என்று விட முடியாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பில் போய் நின்றது. போலீஸ் அவரை விசாரித்தது. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

சரி, என்ன செய்யலாம்?

1. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற முகவரி இருக்கும். வைஃபையில் இணைந்தபடி, அதை போன் பிரவுசரில் டைப் செய்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்.

2. உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

3. வயர்லெஸ் செக்யூரிட்டி பகுதியில் 'டபிள்யூபிஏ3' இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். மேலே சொன்ன பதிவு செய்து சோதிக்கும் வித்தை அதில் பலிக்காது. பழைய போன்கள் இணையாவிட்டால் 'டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ்' போதும். 'டபிள்யூஇபி' மட்டும் வேண்டவே வேண்டாம். அதை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டிவிட்டார்கள்.

4. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். நண்டு, ஏணி, பித்தளை, மழை, ஊஞ்சல் என்பதுபோல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நினைவில் நிற்கும்; ஊகிக்க வராது. இதே சொற்களை மட்டும் போட்டுவிடாதீர்கள்!

5. விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதியில் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு கொடுங்கள். பில் போடும் கம்ப்யூட்டரும் சிசிடிவி கேமராவும் உங்கள் சொந்த நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

பாஸ்வேர்டை மாற்றியதும் டிவி, கேமரா, வீட்டிலுள்ள போன்கள் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அதனால், அறைகள் காலியாக இருக்கும் ஒரு வாரநாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.