உறங்கிய கார்டு செத்த கார்டா?

மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் வைஃபையைக் காணோமென்றால், நம் விடுதி நண்பர்கள் நேரே பழுது பார்க்கும் கடைக்கு ஓடுகிறார்கள். "கார்டு போச்சு" என்கிறார் கடைக்காரர். ஊரிலிருந்து வந்த மாதப் பணமும் போகிறது. கார்டு போகவில்லை, விழிக்கவில்லை என்பதே என் கட்சி.

கணினி உறங்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டையும் தாழ்ந்த நிலைக்கு இறக்கிவிடுகிறது. விழித்ததும் அதை எழுப்பி வேலைக்கு அமர்த்துவது டிரைவர் என்னும் மென்பொருளின் பொறுப்பு. தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான். மறுபடி தொடங்கினால் ஒழுங்காக ஓடுகிற கார்டைச் செத்ததென்று சொல்வது என்ன நியாயம்?

லினக்ஸ்காரர்கள் முதலில் கெர்னல் பதிவைப் பார்க்கட்டும். டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினாலே பல கார்டுகள் எழுந்துவிடும். இரவெல்லாம் ஓடிய கணக்கும் பிழைக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அதே கார்டை முடக்கி, மறுபடி இயக்கிப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்க அனுமதிக்கும் கட்டமும் அங்கே உண்டு. அந்தக் குறியை எடுத்துவிடலாம். (சில கணினிகளில் அந்தப் பக்கமே இராது.) இன்னொன்று: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' பல கணினிகளில் முழு அணைப்பு அன்று, 'ரீஸ்டார்ட்' தான் கெர்னலைப் புதிதாகத் தொடங்கும்.

முழுதாக அணைத்து ஏற்றிய பிறகும் சாதனப் பட்டியலிலேயே கார்டு தென்படாவிட்டால், அப்போது கடைக்குப் போங்கள். போனால் பழைய கார்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அப்படி வந்தவை மூன்று என் மேஜையில் இருக்கின்றன. மூன்றும் வேலை செய்கின்றன.